ஒரு விரல்கடை ஆட்டம்

"அசையுது" என்றார் ஓரின்.

"எவ்வளவு?" கேம்பருக்குள்ளிருந்து மனைவி லவோன் கேட்டாள்.

"ஒரு விரல்கடை."

"போன சனிக்கிழமையும் அதே ஒரு விரல்கடைதான்."

ஒரு மெத்தை, ஒரு அடுப்பு, காபி குடிக்க ஒரு மேசை. இவ்வளவும் அடங்கிய அந்தக் குட்டி வீடு பிக்கப் வண்டியின் முதுகில் உட்கார்ந்திருந்தது. நாலு மூலையிலும் சங்கிலி மாட்டித் திருகை முறுக்கினால் வேலை முடிந்தது. முப்பது வருஷம் லாரியில் மரம் ஏற்றிக் கட்டிய ஓரினுக்கு இது ஒரு வேலையா? ஆனால் ஜூனிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் கிளம்புகிறார், அவர்கள் இருக்கும் மொன்டானாவை விட்டு என்ன, வீட்டு வாசலை விட்டே வண்டி நகரவில்லை. கட்டின பாரம் துளி அசைந்தாலும் வண்டியை எடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. மகள் மாரிட்டுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தபோதும் பிரேக்குக்கு முன்னால் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்.

அந்த மாரிட், ஆறு வருஷத்துக்கு முன்பு ஓரிகன் கடற்கரையில் மீன் பிடிக்கும் ஒருவனைக் கட்டிக்கொள்ளக் கிளம்பியபோது, "போனா திரும்பி வராதே" என்று சொல்லிவிட்டார். அவளும் சொன்ன பேச்சைக் கேட்கிறவள், வரவேயில்லை. இந்த ஏப்ரலில் ஒரு கார்டு வந்தது. "அப்பா, உங்களைப் பார்க்கணும் போல இருக்கு." கீழே போன் நம்பர். போன் செய்ய ஓரினுக்கு வாய் வரவில்லை. நேரில் போய் நின்றுவிடலாம் என்று கேம்பரை வாங்கினார். கார்டு சட்டைப்பையிலேயே கிடந்து முனை மழுங்கிவிட்டது. மகள் ஞாபகத்தில் அவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

திருகை இன்னும் ரெண்டு சுற்று முறுக்கினார். டங்கென்று கொக்கி, வண்டித் தகரத்தையும் பிய்த்துக்கொண்டு கையோடு வந்தது.

"நான் ரெண்டு கயித்தைக் கட்டிட்டு மெக்சிகோ வரைக்கும் போயிட்டு வந்தேன்!" என்றார் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு டெல்பர்ட்.

"வழியெல்லாம் பாத்திரம் பண்டத்தைச் சிந்திட்டுதானே போனே?"

பிய்ந்த மூலைக்கு அடியில் விறகுக்கட்டைகளைச் சுத்தியலால் அடித்துச் செருகினார். ஆட்டம் நின்றது. கேம்பர்தான் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது.

"ஏங்க, கதவு திறக்க மாட்டேங்குது!"

"பதறாதே, இதோ தூக்குறேன்."

கேம்பரின் பின்பக்க ஜாக்கிகளை மாற்றி மாற்றிச் சுற்றினார். கட்டையை உருவுகிற அளவுக்கு எழும்பினால் போதும். கேம்பர் எழும்பியது. மிச்சம் மூன்று சங்கிலிகளை அவிழ்க்காததால் பிக்கப்பும் கூடவே எழும்பியது.

"ஓரின், வண்டிக்கு ரெக்கை முளைச்சிருக்கு பாரு!" என்றார் டெல்பர்ட். பின்சக்கரம் ரெண்டும் அந்தரத்தில் தொங்கின.

லவோன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். சிரிக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. ஆடுறது கேம்பரா, நீங்களா?"

ஓரின் ஜாக்கி சுற்றிய ஸ்பேனரைக் கீழே வைத்தார். "மாரிட் கதவைத் திறந்து, 'எதுக்கு வந்தீங்க'ன்னு கேட்டுட்டான்னா? நான் எங்கடி போய் நிப்பேன்?"

"கேட்கட்டுமே. பெத்த பொண்ணு வாயால ஒரு வார்த்தை கேட்டுட்டுத் திரும்பி வருவோம். இன்னும் ரெண்டு வாரத்துல மலையில பனி விழுந்தா அப்புறம் அடுத்த வருஷந்தான். கார்டைக் குடுங்க."

நம்பரை அழுத்தி, போனை அவர் காதுப் பக்கம் நீட்டினாள். எடுத்தது ஒரு ஆண் குரல்.

"நான் க்ளீட் பேசறேன். யாரு?"

"நான்... மாரிட்டோட அப்பா. அவ இருக்காளாப்பா?"

எதிர்முனையில் கடல்காற்று இரைந்தது.

"வெளியிலதான் இருக்கா மாமா. மூணு மாசமா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை உங்களைப் பார்க்கக் கிளம்புறா, 'நம்ம கேம்பர் ஒரு விரல்கடை அசையுது'ன்னு நின்னுடறா. கொஞ்சம் நீங்களே சொல்லுங்க, இப்ப எங்க வண்டியோட பின்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல தொங்குது!"