என் பேருக்குப் பின்னால் இரண்டு எழுத்து

இந்த ஆவணி முடிவதற்குள் என் பேருக்குப் பின்னால் இரண்டு இங்கிலீசு எழுத்தாவது போட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். எடுத்த இடம், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குளியலறை. பெரிய முடிவுகளை நான் அங்கேதான் எடுப்பது. மற்ற அறைகளில் என் மனுசி கொன்ஸ்ரன்ஸ் எடுத்துவிடுவாள்.

காரணம் இதுதான். மகள் ரொஷேலுக்குக் கலியாணம் முற்றாகிவிட்டது. மாப்பிள்ளை கிளின்ரன், வெள்ளவத்தைப் பொடியன். கணக்காளர். தகப்பன் யோகநாதன் எஞ்சினியர். அவர்கள் வீட்டுக் கதவில் ஒரு பித்தளைப் பலகை. பேர் ஒரு சாண், பட்டம் இரண்டு சாண். முதல் தரம் போனபோது நான் வாசித்து முடிக்க முதலே கதவைத் திறந்துவிட்டார்கள்.

எங்கள் ஆட்கள் கலியாண அட்டையில் தகப்பன்மாரின் பேரைப் பட்டத்தோடுதான் அடிப்பார்கள். வலப்பக்கம் யோகநாதனும் அவருடைய எழுத்துகளும், சுற்றம் சூழ. இடப்பக்கம் நான், தனியே: கிளறன்ஸ். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய கிளறன்ஸ். கப்பலில் இருந்து ஊர்ப்பட்ட பெட்டி இறக்கியிருக்கிறேன். ஒரு பெட்டியிலும் எனக்குப் பட்டம் வரவில்லை.

"என்னப்பா, முகம் தொங்குது?"

"கொனி, அட்டையில என்ர பேர் வாலில்லாத பட்டம் மாதிரி நிக்கப் போகுது."

"அதுக்கேன் யோசிக்கிறியள்? உங்களுக்குத்தான் செஸ் தெரியுமே."

"செஸ்ஸுக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம்?"

"அதிலயும் பட்டம் குடுக்கினமாம். பேரோட போடலாமாம். முன்வீட்டுக் கிளெமென்ற் அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ. நான் சும்மா சொன்னன்."

சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டாள். கொன்ஸ்ரன்ஸ் சும்மா சொன்ன எதையும் நான் இத்தனை வருசத்தில் கண்டதில்லை. அன்றைக்குப் பார்த்து அது ஞாபகத்துக்கு வரவில்லை.

கிளெமென்ற், கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் படிப்பிக்கிறவர். நான் துறைமுகத்தில், கப்பல் வரும்வரை பெட்டிக்கு மேல் பலகை வைத்து விளையாடிப் பழகியவன். போய்க் கேட்டேன்.

"கிளெமென்ற், ஆகச் சின்னப் பட்டம் எது?"

"கண்டிடேற் மாஸ்ரர். சுருக்கி சீ.எம். எண்டு போடுவினம்."

"அதில ஒண்டு தாரும்."

"இது என்ன, கடையில பாணோ? றேற்றிங் எண்டு ஒரு புள்ளிக்கணக்கு இருக்கு. ரெண்டாயிரத்து இருநூறு வர வேணும்."

"இப்ப எனக்கு எவ்வளவு?"

"இப்ப உமக்கு வயசு மட்டும்தான் இருக்கு."

நான் விடவில்லை. "எங்கட மாப்பிள்ளை நாலு வருசத்தில கணக்காளர் ஆனவன். எனக்கு நாலு மாசம் காணாதோ?"

"அது வேற, கிளறன்ஸ். சோதினைப் பேப்பர் மேசையில பேசாமக் கிடக்கும். திருப்பி அடிக்காது. இஞ்ச நீர் ஒரு மறுமொழி எழுத, கேள்வி எழும்பி வந்து உம்மட ராணியைத் தூக்கிக்கொண்டு போயிடும்."

"ஒரு பாடத்தில கோட்டை விட்டா, அதை மட்டும் திருப்பி எழுதலாம்தானே?"

"எழுதேலாது. கணக்காளர் சோதினையில வகுப்பு முழுக்கப் பாஸ் பண்ணலாம், ஒருத்தனும் கோவிக்க மாட்டான். இதில நீர் ஏற வேணுமெண்டா எதிர்ல இருக்கிறவன் இறங்க வேணும். அவனும் வீட்டில சபதம் போட்டுட்டுத்தான் வந்திருப்பான். கிராண்ட்மாஸ்ரர் ஆகிறதெண்டா மற்றக் கிராண்ட்மாஸ்ரர்மாரோட மோதி நிண்டு பிடிக்க வேணும். எந்த டொக்டர் மற்ற டொக்டரை விழுத்திப்போட்டு டொக்டர் ஆனவர்?"

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். காலி வீதி பஸ்ஸில் ஏறி "டொக்டர்!" என்று கூப்பிட்டால் மூன்று பேர் திரும்புவார்கள். "எஞ்சினியர்!" என்றால் பஸ்ஸே ஒரு பக்கம் சரியும். "கிராண்ட்மாஸ்ரர்!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். கொண்டக்டர் மட்டும் திரும்பி, அது எந்த ஹோல்ற் என்று கேட்பான்.

வேறு ஆள் என்றால் அந்த இடத்திலேயே எழும்பிப் போயிருப்பான். எனக்கு உறுதி இரட்டிப்பானது. அவ்வளவு கஷ்டம் என்றால், யோகநாதனின் பித்தளைப் பலகையில் அது இல்லை என்றுதானே அர்த்தம்!

ஒரு கணக்கும் போட்டேன். கண்டிடேற் என்றால் விண்ணப்பித்தவன். ஒரு போட்டிக்குப் போய் ஒரே ஒரு ஆட்டம் வென்றால் போதும், அட்டையில் "கண்டிடேற்" என்று துணிந்து போடலாம். மாஸ்ரர் ஆறுதலாக வரட்டும்.

"சரி, என்னைப் பழக்கும்," என்றேன்.

கிளெமென்ற் தொண்டையைச் செருமினார். "செஸ் மூளை வேலை. மூளைக்கு முதல் எதிரி சீனி. தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. எண்ணெயில பொரிச்ச ரோல்ஸ் இல்லை. சாராயத்தை மணக்கவும் கூடாது. விடிய எழும்பி, வெறும் வயித்தில ஒரு கிளாஸ் பாகற்காய்ச் சாறு. பிறகு காலிமுகத்திடலில நடை."

"பெரிய மாஸ்ரர்மாரும் பாகற்காய் குடிக்கினமோ?"

"கேட்டுப் பாருமன்."

என்னிடம் அவர்களுடைய நம்பர் இல்லை.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. டொக்டர் போன வருசம் முழுக்க இதைத்தான் சொன்னார். கொன்ஸ்ரன்ஸ் கெஞ்சினாள், அழுதாள், மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். நான் சாற்றை வாங்கிப் பூச்சாடிக்கு ஊற்றினேன். பூச்சாடி இன்றுவரை நல்ல சுகம். ஆனால் டொக்டர் கேட்டது வெறும் உயிருக்காக. இது பட்டத்துக்காக!

குடித்தேன். வைகாசி தொடங்கி விடாமல் குடித்தேன். குடிக்கும்போது குதிரையை நினைத்துக்கொள்வேன். குதிரை நேரே போகாது. சாறும் அப்படித்தான், தொண்டையில் இரண்டு அடி வைத்துவிட்டுப் பக்கவாட்டில் திரும்பும். கடலோரம் நடந்தேன், காற்சட்டை இடுப்பில் நிற்காமல் போகும்வரை நடந்தேன். போட்டிக்கு முதல் கிழமை கிளெமென்ற் என்னை இரத்தம் கொடுக்கச் சொன்னார். ஊக்கமருந்துச் சோதினையாம். பெருமையாகக் கையை நீட்டினேன்.

"கொனி, நான் வெண்டு வருமட்டும் அட்டையை அடிக்கக் குடுத்திடாதையும்."

"நீங்கள் முதல்ல அதைக் குடிச்சு முடியுங்கோ."

போட்டி வெள்ளவத்தையில், ஒரு பெரிய மண்டபத்தில். முதல் ஆட்டத்தில் ஒரு வங்கிப் பெண்பிள்ளை. கொட்டாவி விட்டுக்கொண்டே என்னைத் தோற்கடித்தாள். இரண்டாவதில் ஒரு பாதிரியார். பாவமன்னிப்பே இல்லாமல் அடித்தார். அங்கே வென்றவர்களை வென்றவர்களோடும், தோற்றவர்களைத் தோற்றவர்களோடும் சோடி சேர்ப்பார்கள். வென்றவர்களுக்கு முன்மேசை. நான் சுற்றுக்குச் சுற்று பின்னுக்குப் போய்ப் போய், கடைசிச் சுற்றில் கடைசி மேசைக்கு வந்தேன். அதற்குப் பின்னால் கழிப்பறைதான்.

இந்த ஒரு ஆட்டம் போதும். பல்லைக் கடித்துக்கொண்டு கதிரையை இழுத்தேன். எதிரில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

யோகநாதன்!

"சம்மந்தி!"

"சம்மந்தி!"

"உஸ்ஸ்!" என்றார் நடுவர்.

நான் குரலைத் தணித்தேன். "நீங்கள் எங்க இஞ்ச?"

"சும்மா, பொழுது போகேல்லை. நீங்கள்?"

"எனக்கும் பொழுது போகேல்லை."

பொழுது போகாத இரண்டு பேர் அப்படி அடிபட்டதை அந்த மண்டபம் கண்டிராது. என் சிப்பாயை அவர் வெட்ட, அவர் யானையை நான் வெட்ட, இரண்டு பேருக்கும் வியர்த்தது. நடுவில் அவர் பையில் இருந்து ஒரு போத்தலை எடுத்து ஒரு மிடறு குடித்தார். முகம் கோணியது. அந்தக் கோணல் எனக்கு நல்ல பழக்கம். தினமும் விடியக் கண்ணாடியில் பார்ப்பது.

நான் என் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். இரண்டும் ஒரே பச்சை.

"பாகற்காயோ?"

"மூளைக்கு," என்றார். "உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கிளெமென்ற்."

"அவர் ஞாயிறுகளில செஸ் பழக்க எங்கட வீட்டையும் வாறவர்!"

"உங்களுக்கேன் இன்னொரு பட்டம்? கதவிலயும் இடமில்லையே."

"என்ர மனுசி சுபோதினி சொன்னவ, நீங்கள் ஒண்டு எடுக்கப் போறியளாம், அது சோதினை எழுதி எடுக்கேலாத பட்டமாம். அட்டையில அது உங்கட பக்கம் மட்டும் இருந்தா எனக்கு நித்திரை வருமோ?"

"சம்மந்தி, உங்களுக்கும் சீனியோ?"

அவர் ராஜாவைப் பார்த்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினார்.

இரண்டு போத்தலையும் மேசைக்குக் கீழே இறக்கி வைத்தோம். பிறகு ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். சமநிலை. அரைப் புள்ளி. அரைப் புள்ளிக்கு எந்த எழுத்தும் போட ஏலாது. ஆனால் உறுதி என்னவோ எனக்குத் தளரவில்லை. இலக்கு மட்டும் மாறியது. நாலு மாதமாய்ப் பட்டத்தில் இருந்த உறுதி முழுக்க இப்போது ரோல்ஸில் வந்து நின்றது. அவருக்கும் அப்படித்தான். காலி வீதியைக் கடந்து சாப்பாட்டுக் கடைக்குள் புகுந்தோம்.

"மல்லி, ரோல்ஸ் ஹதரக் தெண்ட!" என்று யோகநாதன் எஞ்சினியர் குரலில், சிங்களத்தில் கடைப்பையனிடம் நாலு ரோல்ஸுக்குக் கட்டளை போட்டார்.

"இவரயி, மஹத்தயா." முடிந்துவிட்டதாம். கடைப்பையன் மூலை மேசையைக் காட்டினான். எல்லாவற்றையும் அந்த நோனாமார் எடுத்துவிட்டார்களாம்.

மூலை மேசையில் கொன்ஸ்ரன்ஸ். பக்கத்தில் சுபோதினி. நடுவில் கிளெமென்ற், வாய் நிறைய. தட்டு நிறைய ரோல்ஸ். தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி.

"வாங்கோ, வாங்கோ," என்றாள் கொன்ஸ்ரன்ஸ். "அட்டை வந்திட்டுது, பாருங்கோ."

எடுத்துப் பார்த்தேன். இடப்பக்கம், கிளறன்ஸ் – கொன்ஸ்ரன்ஸ். வலப்பக்கம், யோகநாதன் – சுபோதினி. அவ்வளவுதான்.

"என்ர எழுத்துகள் எங்க?" என்று யோகநாதன் கத்தினார்.

"கலியாணம் பிள்ளையளுக்கு. தகப்பன்மாருக்குப் பேர் மட்டும் காணும்," என்றார் சுபோதினி. "நானும் கொனி அக்காவும் சித்திரையிலயே கதைச்சு, அப்பவே அடிக்கக் குடுத்திட்டம்."

சித்திரை. நான் முதல் கிளாஸ் குடித்தது வைகாசியில்.

கோபம் வந்தது. ஆனால் வரவேண்டிய அளவுக்கு வரவில்லை. அட்டையில் அவர் பேரும் என் பேரும் ஒரே அளவு. வடிவாகத்தான் இருந்தது. அதை வெளியே காட்டாமல் ரோல்ஸ் தட்டுக்குக் கை நீட்டினேன்.

கொன்ஸ்ரன்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஊக்கமருந்து ரிப்போட்டை டொக்டர் பாத்தவர். ரெண்டு பேருக்கும் சீனி வடிவா இறங்கியிருக்காம். கொலஸ்ரரோல்தான் இன்னும் கூடவாம்." ஒரு ரோல்ஸை எடுத்து ஆறுதலாகக் கடித்தாள். "நாளையில இருந்து கிராண்ட்மாஸ்ரருக்குப் படியுங்கோ."