நிலுவையில் உள்ள பிரசவங்கள்

கருத்தரித்த பன்னிரண்டு வாரத்துக்குள் ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவேட்டில் ஏறிவிட வேண்டும் என்று சுகாதாரத் துறை ஆழ்ந்து ஆலோசித்து ஆணையிட்டது. நல்ல ஆணைதான். ஊர் நர்சம்மாவே அதை மனதாரக் கும்பிட்டாள். போன வருஷம் எட்டாம் மாதத்தில் கால் வீங்கி, முதன்முறையாக ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்த ஒருத்தி எழுந்திருக்கவே இல்லை. முன்னமே பிரஷர் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள். அந்த வயிற்றெரிச்சல் நர்சம்மாவுக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் மூன்று மாதம் முடியும்வரை எந்த வீட்டிலும் வாய் திறக்க மாட்டார்கள். கண் பட்டுவிடுமாம். "எங்க மருமகளா? அவளுக்கு வெறும் பித்தம்" என்று மாமியார்கள் கதவைச் சாத்தினார்கள்.

மாதக் கூட்டத்தில் மேலதிகாரி நர்சம்மாவை நிற்க வைத்துக் கேட்டார். "பதிவு ஏன் பூஜ்யம்?"

"மறைக்கிறாங்க சார். மாமியாருங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சுப் பேசினா..."

"படிவத்துல மாமியாருக்குக் கட்டம் இல்லம்மா. மறைக்கிறாங்கன்னா இருக்குன்னுதானே அர்த்தம்? இல்லேன்னு சொல்ற எல்லாரையும் எழுதிக்குங்க."

எழுதினாள். கல்யாணமான நானூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே வாரத்தில் கர்ப்பமானார்கள். மேலதிகாரிக்குக் கேடயம் கிடைத்தது.

ஒன்பது மாதம் கழித்துத் தலைமையகம் கணக்குப் பார்த்தது. பிறந்தவை பதினொன்று, நானூற்று ஒன்று நிலுவை. ஏழு நாட்களுக்குள் பிரசவிக்கவும், தவறினால் எழுத்துமூலம் விளக்கமளிக்கவும் என்று எல்லாருக்கும் அறிவிப்பு பறந்தது. ஐம்பத்தேழு வயதுத் தலைமையாசிரியை ஒருவர், பணி ஓய்வுக்குப் பிறகு பரிசீலிப்பதாகப் பதில் எழுதினார்.

நர்சம்மாவுக்கு நினைவூட்டல் எழுதவே பொழுது சரியாக இருந்தது. பிரஷர் கருவி, விளக்கக் கடிதங்களுக்கு அடியில் கிடந்தது. ஒருநாள் நிஜமாகவே கர்ப்பமான ஒருத்தி வீங்கிய காலோடு வந்து, விளக்கம் கொடுக்க வந்தவர்களுக்குப் பின்னால் இரண்டு மணி நேரம் நின்று மயங்கி விழுந்தாள். தாயும் பிள்ளையும் தப்பியது தெய்வச் செயல். அறிக்கையில் அது திட்டத்தின் செயல்.

மறுவாரம் மேலதிகாரி தனியாக வந்து கதவைச் சாத்தினார்.

"இந்த ஊர்ல கட்டிக்கொடுத்த என் பொண்ணுக்கு ரெண்டு மாசம். கூட்டிட்டு வரேன், பிரஷர் மட்டும் பாரும்மா. பதிவேட்டுல ஏத்திடாதே. வீட்ல பயப்படுறாங்க."

நர்சம்மா பக்கத்தைப் புரட்டினாள். "ஏற்கெனவே இருக்காங்க சார். போன மாசமே பெத்திருக்கணும். விளக்கம் இன்னும் வரல."

"அப்போ புதுசா எழுத வேண்டியதில்லையே?" அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவர் போனதும் நர்சம்மா கருவியைத் தூசி தட்டித் தன் கையிலேயே சுற்றிப் பார்த்தாள். கொஞ்சம் அதிகம்தான். அந்தப் பதிவேட்டில் விட்டுப்போன பெயர் ஒன்றே ஒன்று, எழுதியவளுடையது. பேனாவைத் திறந்தாள். ஜன்னல் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று கவனித்தாள்.

ஒன்பதாவது வாரம்தானே, மூன்று மாதம் முடியட்டும் என்று மூடி வைத்தாள்.