டீயில் கொஞ்சம் சர்க்கரைக்கொல்லி

"என்னம்மா, டீயில சர்க்கரையே போடலியா?" என்றார் மாமனார்.

மூத்த மருமகள் ஒன்றும் தெரியாதவள் போல சர்க்கரை டப்பாவை நீட்டினாள். மருந்துச் செடிகளிலிருந்து சத்துகளைப் பிரித்தெடுக்கும் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் அவள். சர்க்கரைக்கொல்லி இலையில் ஒரு சரக்கு உண்டு. அது பட்டால் நாக்குக்கு அரைமணி நேரம் இனிப்பே தெரியாது. அதைத்தான் டீயில் கலந்திருந்தாள். உடம்புக்கு ஒன்றும் ஆகாது.

எல்லாம் ஓரகத்தியின் கேக்கால் வந்த வினை. சனிக்கிழமை தோறும் தம்பி வீட்டுக்குப் போய் வரும் கணவர், "அடடா, என்ன பதம், என்ன மணம்! நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாரேன்" என்று ஒரு துண்டை நீட்டுவார். அவள் தொட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமையலைப் பார்த்து "பரவாயில்லை" என்றுகூடச் சொல்லாத மனிதர்! வயிறு எரியாதா? இன்றைக்குக் கொழுந்தனும் ஓரகத்தியும் அந்தக் கேக்கோடு இங்கேயே வந்திருந்தார்கள்.

மாமனார் இரண்டு கரண்டி போட்டார். "இப்பவும் இனிக்கலையே!"

"கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று மாமியார் பாதி டப்பாவைக் கவிழ்த்தார்.

கொழுந்தனும் ஓரகத்தியும் மரியாதைக்கு முழுங்கி வைத்தார்கள். "அக்கா, நீங்க குடிக்கலியா?" என்றாள் ஓரகத்தி. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேறு வழியில்லை, அவளும் குடித்தாள்.

கேக் பெட்டி திறந்தது. மாமியார் ஒரு வாய் வைத்தவுடனே துப்பினார். "ஐயய்யோ, மண்ணு மாதிரி இருக்கு!"

ஓரகத்தி முகம் செத்துப்போனது. பெரியவளுக்கு உள்ளம் குளிர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் உள்ளே வந்து ஒரு துண்டை வாயில் போட்டார். "அருமையாத்தானே இருக்கு!" அவள் பக்கம் ஆவலாகத் திரும்பினார். "நீ சாப்பிட்டியா? எப்படி இருக்கு?"

வீடே துப்புகிறது, இவருக்கு மட்டும் அமிர்தமாம்!

அவளும் ஒரு வாய் மென்றாள். மண்தான். "சகிக்கலை. உங்க நாக்கு செத்துப்போச்சு. முதல்ல இந்த டீயைக் குடிங்க."

அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொரு துண்டைக் கடித்தார். மெல்ல மெல்ல முகம் தொங்கிப்போனது. தட்டை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே கொல்லைப்பக்கம் நடந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொழுந்தனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பொண்டாட்டி கேக் சரியா வரலைன்னா இவருக்கு ஏன் கண்ணு கலங்குது? நான் கேக்கக் கூடாதா?"

கொழுந்தன் தலையைச் சொறிந்தார்.

"அவளுக்குக் கேக் செய்ய எங்க தெரியும் அண்ணி? சனிக்கிழமை சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து செய்யறதே அண்ணன்தான். உங்க வாயால ஒரு தடவை நல்லாருக்குன்னு கேட்டுட்டுச் சொல்லலாம்னு இருந்தார்."