ஏழாம் நம்பர் மெஷின் முனி

இந்த முனிக்கு ஏன் எங்க விரலு மட்டும் ருசிக்குது? மேனேஜர் விரலு நல்லாக் கொழுகொழுன்னுதான இருக்கு?

ராமலட்சுமி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் கூட்டம் அவளை மிதித்துவிடும். அவ்வளவு கூட்டம். எண்பத்தெட்டாம் வருஷத்துக் கோடை அது. அருப்புக்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தச் சின்ன நூல் மில் அன்றைக்குக் கேட்டையே திறந்து விட்டிருந்தது. பாளையம்பட்டியிலிருந்தெல்லாம் டவுன் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் ஏழாம் நம்பர் கார்டிங் மெஷினுக்குள் முனி இருக்கிறதாம். பிடித்துக் கட்டத் திருச்சுழிப் பக்கமிருந்து கோடாங்கி நல்லகண்ணு வந்திருந்தார். குளிக்காதவர்கள் தள்ளி நிற்க வேண்டும். யோசிக்கிறவர்களும்தான்.

ஆறு மாதத்தில் முனி மூன்று பேரைக் கடித்திருந்தது. கடைசியாக முத்துலட்சுமி. அடியில் அடைத்த கழிவுப் பஞ்சை இழுக்கும்போது வலது கையில் இரண்டு விரல் போனது. நஷ்டஈடு கேட்டுப் போனவளிடம், "முனி பண்ணுனதுக்கு மொதலாளி என்ன செய்வாக ஆத்தா?" என்றார் மேஸ்திரி பொன்ராஜ். நல்ல முனி. மில்லுக்கு அது செய்த உபகாரத்துக்கு மாதச் சம்பளமே போடலாம்.

கட்டு முடிந்ததும் முதலில் கைவிட்டுத் துடைக்க வேண்டியவள் ராமலட்சுமி. அந்தக் கையைத் தவிர அவளுக்கு வேறு சொத்து கிடையாது.

"மெஷின அமத்துங்க. இந்தச் சத்தத்துல அருள் எறங்காது" என்றார் கோடாங்கி.

பொன்ராஜ் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தார். உள்ளே முள்ளு முள்ளாகப் பல் வைத்த பெரிய உருளை, அணைத்தவுடன் நின்றுவிடாது. தானாகச் சுற்றி ஓய ஏழெட்டு நிமிஷம் ஆகும். அந்த நேரம் முழுக்கக் கோடாங்கி உடுக்கை அடித்தார். சாம்பிராணி புகைந்தது. கால் கட்டிய சேவல் ஒன்று எல்லோரையும் சந்தேகமாகப் பார்த்தது. கடைசியில் கோடாங்கி ஓரக்கண்ணால் உருளையைப் பார்த்தார். நின்றிருந்தது. ஒரே அலறல்! முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு கொத்துப் பஞ்சை இழுத்துக் காட்டினார். விரல் ஐந்தும் பத்திரம்.

பெண்கள் குலவையிட்டார்கள். தாயத்து விற்பனை சூடுபிடித்தது.

ராமலட்சுமிக்கு வெட்கமாக இருந்தது. அவளும்தான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு இந்த மெஷினுக்கு முன்னால் நின்றாள். பயந்தது தப்பில்லை. ஆனால் யாருக்குப் பயப்பட வேண்டுமோ அவர்களை விட்டுவிட்டு, இல்லாத ஒருத்தனுக்கு இத்தனை நாள் பயந்திருக்கிறாள்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"கேளு தாயி."

"அதான் முனியக் கட்டிட்டீகளே. இப்ப மெஷின ஓடவிட்டு இன்னொருக்கா கைய விடுங்களேன்."

"ஓடுற மெஷின்லயா?"

"நாங்க தெனமும் அப்படித்தான விடுறோம். நிறுத்துனா உற்பத்தி கொறையும்னு மேஸ்திரி விடமாட்டாக."

"விரலு போயிரும்லத்தா!" என்று பதறிவிட்டார் கோடாங்கி.

முத்துலட்சுமிதான் முதலில் சிரித்தாள். "முனி கட்டுல கெடக்கையில எப்படிச் சாமி போகும்?"

சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. கோடாங்கிக்கு அவசரமாகத் திருச்சுழி பஸ்ஸு ஞாபகம் வந்தது. உடுக்கையைக்கூட மறந்துவிட்டுப் போனார், சேவலை மறக்கவில்லை. தாயத்து வாங்கியவர்களில் பாதிப் பேர் காசைத் திருப்பிக் கேட்டு அவருக்குப் பின்னால் ஓடினார்கள். மீதிப் பேர் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். கழுத்துக்கு மேலே இருப்பதைப் பயன்படுத்துவதைவிடக் கழுத்தில் ஒன்றைக் கட்டிக்கொள்வது சுலபம் அல்லவா?

பொன்ராஜ் ஸ்விட்சைப் போட்டார். உருளை சீறியது.

"வேடிக்க முடிஞ்சதுல்ல? கழிவ எடு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

ராமலட்சுமி கைகளைக் கட்டிக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அமத்துங்க மேஸ்திரி. நின்ன பெறகு எடுக்குறேன்."