கதவு இறுகுதுன்னு கூப்பிட்டாங்க

இனிமேல் என் வாய்க்குள் என் கையைத் தவிர வேறு யார் கையும் போகக் கூடாது. இந்தச் சபதத்தை ஏழு வருஷமாகக் காப்பாற்றி வந்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டர் என் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். பல் வந்தது. கூடவே என் உயிரும் பாதி தூரம் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

இப்போது அதன் பக்கத்துப் பல் சண்டைக்கு வந்தது. காலியிடத்தைப் பார்த்து மெல்லச் சாய்ந்துவிட்டது. வாயை மூடினால் மற்ற பல்லுக்கெல்லாம் முந்திக்கொண்டு அதுதான் மேல்பல்லில் மோதும். ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம். நாக்கால் தள்ளினால் ஆடியது. என் மனைவிக்குத் தெரிந்தால் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து பழகியதுதான்.

"என்னங்க, எல்லாத்தையும் இடது பக்கமாவே மெல்லுறீங்க?"

"வலது பக்கத்துக்கு லீவு."

"வாஷ்பேசின்ல ரத்தம் கிடந்துச்சு."

"புது பிரஷ். முரட்டு பிரஷ்."

"பிரஷ் வாங்கி எட்டு மாசமாச்சு."

"அப்போ பழசு. பழசானா முரடாயிடும்."

"என்னைச் சொல்றீங்களா?"

பிரஷ்ஷைச் சொன்னேன் என்று நிரூபிக்க அரை நாள் ஆனது.

"பல் டாக்டர்கிட்ட போலாம்ங்க. இப்படியே விட்டா பல்லெல்லாம் கொட்டிடும். அப்புறம் பொக்கை வாயோட சண்டை போடுவீங்க, ஒரு வார்த்தை புரியாது."

"இப்போ புரிஞ்சு என்ன கேட்டுக் கிழிச்சே? வரமாட்டேன்னா வரமாட்டேன்."

அவள் மேலே பேசவில்லை. அவள் பேசாமல் போனதற்கே நான் பயந்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை எங்கேயோ போய்விட்டு வந்தாள்.

"ஒரு இடத்துல கதவு இறுகுதாம். நல்ல தச்சரா வேணுமாம். உங்களைத்தான் கூப்பிட்டாங்க."

'நல்ல' என்ற சொல்லில் விழுந்தேன். பெட்டியைத் தூக்கினேன். வழி காட்டுகிறேன் என்று அவளும் வந்தாள். பின்பக்க வாசல் வழியாக நுழைந்தோம். ஒரு நடை, வரிசையாகச் சில கதவுகள். வீட்டுக்காரம்மா போலிருந்த ஒருவர் முதல் கதவைக் காட்டினார்.

ஓரமெல்லாம் சாக்பீஸ் தடவி, ஒருமுறை சாத்தித் திறந்தேன். நிலையின் மேல் மூலையில் வெள்ளை அச்சு.

"பார்த்தீங்களாம்மா? இங்கதான் இடிக்குது. சாத்துற ஒவ்வொரு தடவையும் இந்த இடி கீல்ல இறங்கும். திருகு ஆடும். மரம் ஏற்கெனவே ஈரத்துல ஊறியிருந்தா இன்னும் சீக்கிரம் போயிடும்."

"அதுக்கு என்ன பண்ணணும்?"

"ஈரத்தைப் போக்கணும். இடிக்கிற இடத்துல மட்டும் நூலளவு சீவணும். கதவைக் கழட்டி எறிய வேண்டியதில்ல."

"அப்படியே விட்டு வெச்சா?"

"விட்டு வெக்கிறவன் முட்டாள்மா!"

பின்னால் என் மனைவி இருமினாள்.

சீவத் தேவையே வரவில்லை. கீழ்க் கீலுக்கு அடியில் யாரோ அட்டையை மடித்துச் செருகியிருந்தார்கள். "எந்த மடையன் வேலை இது?" என்று அதை உருவி எறிந்தேன். என் மனைவி கூரையைப் பார்த்தாள்.

"ரொம்ப நல்லா விளக்கினீங்க" என்று அந்த அம்மா அதே கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்தார். உள்ளே ஒரு சாய்வு நாற்காலி. அதன் தலைக்கு மேல் விளக்கு. ஓர் அடி பின்வாங்கினேன்.

"நீங்க... வீட்டுக்காரம்மா இல்லையா?"

"பல் டாக்டர். உட்காருங்க."

திரும்பினேன். நான் சரிசெய்த கதவை என் மனைவி சாத்தினாள். அருமையாகச் சாத்திக்கொண்டது.

டாக்டரம்மா ஒரு நீலத் தாளைப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். பிறகு கண்ணாடியைக் காட்டினார். சாய்ந்த பல்லின் தலையில் கரு நீலமாக ஒரு புள்ளி.

"இது என் சாக்பீஸ். ஈறு வீங்கினதுக்குக் காரணம் பல்லடியில படிஞ்ச அழுக்கு. அது உங்க ஈரம். இந்த இடியும் சேர்ந்ததால பல்லு சீக்கிரம் ஆடுது."

"பிடுங்கிடுவீங்களா?"

"இப்பவே வந்ததால தப்பிச்சுது. விட்டு வெக்கிறவன்..."

"தெரியும்மா. சொல்லாதீங்க."

கிர்ரென்று ஒரு சத்தம். நூலளவு சீவல். வலியே இல்லை. வாயை மூடினேன். எல்லாப் பல்லும் ஒன்றாகச் சேர்ந்தன.

"அழுக்கெடுக்க இன்னும் ரெண்டு வியாழக்கிழமை வரணும்" என்றார் டாக்டரம்மா. தலையாட்டினேன். தலைதானே ஆடியது, மனசு இல்லையே.

தெருவுக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"பல்லு பிழைச்சுது. ஏமாத்திக் கூட்டிட்டு வந்தே, சரி. இனிமே இந்தத் தெருப் பக்கமே வரமாட்டேன்."

"வந்துதானே ஆகணும். அங்க இன்னும் ரெண்டு கதவு இருக்கே."

"பார்த்தேனே! ரெண்டும் வெண்ணெய் மாதிரி சாத்திக்குது."

"இன்னைக்கு சாத்திக்குது" என்று கைப்பையிலிருந்து என் சின்னத் திருப்புளியை எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். "வியாழக்கிழமை இறுகிடும்."