சவப்பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி

ஃபின்பார் செய்த முதல் தவறு, உட்கார்ந்தது.

அறை கிடைக்குமா என்று கேட்கத்தான் அவன் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். கோடைக்காலம். பாலிகரோவிலும் சுற்றியிருந்த ஊர்களிலும் ஒரு கட்டில்கூடக் காலியில்லை. இந்த வீட்டு வாசலில் தங்கும் அறைகள் என்று பலகை தொங்கியது. கதவு திறந்திருந்தது, கூடத்தில் நீளமாக ஒரு வரிசை நின்றது. எல்லாரும் அறைக்குத்தான் நிற்கிறார்கள் என்று அவனும் பையோடு கடைசியில் நின்றுகொண்டான். வரிசை மெல்ல நகர்ந்து முன்னறைக்குப் போனது. அங்கே மேசையும் சாவிக்கொத்தும் இருக்கும் என்று பார்த்தால், திறந்த சவப்பெட்டியில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

அயர்லாந்தில் பிறந்த எவனும் அந்த இடத்தில் அறை வாடகை விசாரிக்கமாட்டான். ஃபின்பார் சிலுவைக்குறி போட்டான். முழந்தாளிட்டான். பெரியவரின் கையைத் தொட்டு ஒரு ஜெபம் சொன்னான். காலையில் மலைமேல் இடிந்த மடம் ஒன்றைப் பார்க்க ஏறியதில் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. எழுந்தவன், பெட்டிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த மூன்று நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டான்.

அவை இறந்தவரின் குடும்பத்துக்குப் போடுகிற நாற்காலிகள். அவனுக்குத் தெரியாததில்லை. உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குள் ஓர் அம்மாள் அவன் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம் தம்பி."

"இல்லைங்க, நான் வந்து..."

"பேச வேண்டாம். இப்பப் பேச வராது."

அந்தக் கைகள் வெதுவெதுப்பாக இருந்தன. குளிர்காலத்தில் அம்மா போன பிறகு அவன் எடுத்துக்கொண்ட முதல் விடுமுறை இது. மூன்று வாரமாகக் கோட்டை, கற்கோபுரம், கடலோரப் பாறை என்று சுற்றிவிட்டான். எதைப் பார்த்தாலும், பார்த்தியா என்று திரும்பிச் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. வழியில் பேசியவர்கள் எல்லாரும் மழை வருமா, வராதா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எழுந்திருக்க வேண்டிய நேரத்தில் தான் எழுந்திருக்காததற்கு முழங்கால்தான் காரணமா என்று பின்னால் அவனுக்கே சந்தேகம் வந்தது.

அடுத்து சிவந்த முகத்துக்காரர் ஒருவர் மனைவியோடு வந்தார். "அப்படியே அதே காது," என்றார்.

"மூக்குந்தான்," என்றாள் மனைவி. "ரேடியோவுல சாவு அறிவிப்பு கேட்டுத்தானே வந்தீங்க?"

காரில் ரேடியோ பாடிக்கொண்டுதான் வந்தது. செய்திக்குப் பிறகு வழக்கம்போல இறந்தவர்களின் பெயர்களையும் வாசித்திருப்பார்கள். அவன் ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். "ரேடியோ போட்டுத்தான் இருந்தேன்," என்றான், பொய் சொல்லாமல்.

"பாத்தீங்களா, கேட்டதும் போட்டது போட்டபடி வந்திருக்கார். பையைக்கூட இறக்கி வைக்கல," என்றாள் அவள் கணவரிடம்.

இது சரிப்படாது. நேராக வீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவது என்று சமையலறைக்குப் போனான். அங்கே தங்கும் அறைகளை நடத்தும் அட்ராக்டா அம்மாள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உண்மையைச் சொல்லணும்னா, எனக்கு அவரைத் தெரியாதுங்க."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "யாருக்குத்தான் தெரியும் கண்ணு? அவ்வளவு அமைதியான மனுஷன். காலையில ரெண்டு முட்டைன்னு சொல்ல வாயைத் திறப்பார், அதோட சரி."

"நான் ஒரு ராத்திரி தங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

"அடக்கத்துக்கு இல்லாமலா? நல்லா இருக்கே கதை. அவர் அறையிலேயே படுத்துக்கங்க. விரிப்பெல்லாம் மாத்தியாச்சு."

ஊரெங்கும் தேடிய அறை கிடைத்துவிட்டது. அட்ராக்டா அவன் கையில் ஒரு கோப்பை டீயைத் திணித்தாள். அட்ராக்டாவின் தம்பி மலாக்கி பெரிய டீ கெட்டிலோடு வந்து, "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் கோப்பையை நிரப்பிவிட்டுப் போனார். அவர் வேறு எதுவும் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை.

கடைசி நம்பிக்கை பாதிரியார். ஃபின்பார் அவரை மாடிப்படிக்குக் கீழே மடக்கினான்.

"ஃபாதர், ஒரு பாவத்தை ஒத்துக்கணும்."

"உயிரோட இருக்கும்போது வந்து பார்க்கல, அதானே? சாவு வீட்டுல முக்கால்வாசிப் பேர் அதைத்தான் சொல்றாங்க. மன்னிச்சாச்சு. நாளைக்குக் கல்லறையில ரெண்டு வார்த்தை பேசிடுங்க. சொந்தத்துல ஒருத்தர் பேசினாத்தான் முறை."

"நான் என்னத்தைப் பேசுறது ஃபாதர்?"

"தெரிஞ்சதைப் பேசுங்க. சுருக்கமா. மழை வரும்."

பேசுவதற்கு விஷயம் வேண்டுமே என்று, வந்தவர்களிடம் பெரியவரைப் பற்றி விசாரித்தான். தபால் நிலையத்துக்காரி, "என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதுக்கடைக்காரர், "ஜன்னலோரம் உட்காருவார். ஒரே ஒரு கிளாஸ்," என்றார். சிவந்த முகத்துக்காரர் அவரை மலைமேல் மடத்துச் சுவரில் சாய்ந்து தனியாக ரொட்டி தின்னப் பார்த்திருந்தார். ஊரே திரண்டு வந்திருக்கிறது, தெரிந்தது இவ்வளவுதானா? நம் ஆட்களுக்கு மனதில் இருப்பதைச் சொல்ல வராது என்று ஃபின்பார் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மறுநாள் காலை, பெட்டியின் முன்பக்கம் அவன் தோளுக்குத்தான் வந்தது. கூடத் தூக்கிய மற்ற ஐந்து பேரும் குட்டை.

"கொஞ்சம் குனிங்க தம்பி, அவர் பின்னால சறுக்குறார்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

ஃபின்பார் முழங்காலை மடக்கிக்கொண்டே கல்லறை வரைக்கும் நடந்தான்.

"பாவம், துக்கத்துல நிமிரவே முடியல," என்று யாரோ சொன்னார்கள்.

குழிக்கரையில் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். பெரியவரைப் பற்றி ஒன்றும் தெரியாததால், தனக்குத் தெரிந்ததைச் சொன்னான்.

"அவர் தனியாத்தான் சாப்பிடுவார். நல்லதா ஒண்ணைப் பார்த்தா, யார்கிட்டயாவது சொல்லணும்னு திரும்புவார். யாரும் இருக்கமாட்டாங்க. திரும்பினது வெளிய தெரியக்கூடாதுன்னு, கழுத்தைத் தேய்ச்சுக்குவார். இன்னைக்கு இத்தனை பேர் இருக்கீங்க. இப்பத் திரும்பினா நல்லா இருந்திருக்கும்."

மழை வந்தது. யாரும் நகரவில்லை. தபால் நிலையத்துக்காரி விம்மினாள். சிவந்த முகத்துக்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

வீடு திரும்பியதும் சூப் கொடுத்தார்கள். யாரோ அவன் தோளில் உலர்ந்த கோட்டைப் போட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு வரவேண்டும் என்று அட்ராக்டா சத்தியம் வாங்கினாள். ஃபின்பார் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான். சொல்லிவிட்டால் இத்தனை கைகளும் விலகிவிடும். சொல்லாவிட்டால், இவை தனக்கு நீட்டிய கைகளே இல்லை.

மலாக்கி கெட்டிலோடு பக்கத்தில் வந்தார். "இன்னும் கொஞ்சம்?"

ஃபின்பார் கோப்பையைக் கையால் மூடினான்.

"நான் அவருக்கு உறவே இல்லைங்க. ஊர் சுத்திப் பார்க்க வந்தவன். ஒரு ராத்திரிக்கு அறை கேட்கத்தான் உள்ள வந்தேன். இந்த ஊர்ல எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

மலாக்கி முதல்முறையாகக் கெட்டிலைக் கீழே வைத்தார். காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அவரும் அப்படித்தான் தம்பி வந்தார், போன செவ்வாய்க்கிழமை. எங்கள்ல ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது."