தலைப்பாகைக்குள் ஒரு மைக்

"சத்தம் சரியா விழலைங்க" என்று சொல்லி, காதில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றினான் பிச்சைமணி.

கோம்பைக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த பால்பாண்டியின் நெல்வயலில்தான் இத்தனை கூத்தும் நடந்துகொண்டிருந்தது. வரப்பில் முக்காலி மேல் கேமரா நின்றது. களத்தில் ஒலிப்பதிவு வண்டி நின்றது. நடுவில் பிச்சைமணி, நீளமான மூங்கில் கழியின் நுனியில் ஒரு மைக்கைக் கட்டி, வயலில் தொங்கவிட்டிருந்தான்.

யுத்த காலம். விளைச்சலைப் பெருக்கச் சொல்லி ஊர் ஊராகக் காட்டுவதற்கு ஒரு விவசாயப் பேசும் படம் எடுக்கிறோம், நடிகர்கள் வேண்டாம், நிஜமான குடியானவனும் பெண்டாட்டியும் வேண்டும் என்று மதராஸ் கம்பெனி வந்து சொன்னபோது, ஊரில் ஆளுக்கு ஆள் பின்வாங்கினார்கள். பால்பாண்டி மட்டும் முண்டியடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றான். படத்தில் முகம் தெரிய வேண்டும் என்ற ஆசையெல்லாம் அவனுக்குக் கிடையாது. படத்தில் பெண்டாட்டி புருசனைப் பார்த்து, "என்னங்க, வயலுக்கு எரு அடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும் என்று டைரக்டர் சொன்னார். அந்த 'என்னங்க'வுக்காகத்தான் அவன் வயலையே கொடுத்தான்.

பெண்டாட்டி சங்கிலியம்மாள் அவனோடு பேசிச் சித்திரை, வைகாசி, ஆனி எல்லாம் போய் ஆடியும் வந்துவிட்டது.

காரணம் வீரபாண்டித் திருவிழா. மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, பொழுது சாயும் முன்னே ஊர் திரும்பலாம் என்று பால்பாண்டி வண்டி பூட்டினான். சாமான்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றினான். பாய் இருந்தது, அண்டா இருந்தது, பொரிமூட்டை இருந்தது, கூட வந்த நாய் செவலை இருந்தது. சின்னமனூரைத் தாண்டி, உத்தமபாளையத்தைத் தாண்டி, கோம்பைக்கு வந்து, மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, "சோத்தைப் போடு" என்று திரும்பிப் பார்த்தபோதுதான் பெண்டாட்டியை ஏற்றவில்லை என்பது தெரிந்தது.

அவள் மறுநாள் சாயங்காலம் சின்னமனூர்ச் சொந்தக்காரர்களின் வண்டியில் வந்து இறங்கினாள். திட்டவில்லை, அழவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு நாயைப் பார்த்து, "ஏலே செவலை, சோறு வெந்துருச்சு. திங்கிறவுக வந்து திங்கலாம்னு சொல்லு" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது. வீட்டில் எந்தச் சமாச்சாரமானாலும் செவலை வழியாகத்தான். பால்பாண்டி கம்பத்துக்குப் போய்க் கண்ணாடி வளையல் வாங்கி வந்தான். 'வளையல் அளவு சின்னதுன்னு சொல்லு' என்ற பதிலும் நாய் மூலமாகவே வந்தது.

தப்பு என் மேல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பால்பாண்டியின் வம்சத்தில் எந்த ஆம்பளையும் பெண்டாட்டியிடம் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை. மறந்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? மறந்தது குடையா, கூடையா?

அதனால்தான் இந்தப் படம் அவனுக்குச் சாமி கொடுத்த வழியாகத் தெரிந்தது. ஒரு தடவை அவள் வாயில் 'என்னங்க' வந்துவிட்டால், அடைத்த மடை உடைந்த மாதிரி மீதியெல்லாம் தானாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தான்.

கணக்குத் தப்பியது. கேமராவைப் பார்த்துக் குரைக்கிறது என்று செவலையைக் களத்துப் புளியமரத்தில் கட்டிவிட்டார்கள். தூது போக ஆள் இல்லாமல் போகவே, சங்கிலியம்மாள் அண்ணாந்து கழியில் தொங்கிய மைக்கைப் பார்த்தாள்.

"ஏ மைக்கு, வயலுக்கு எரு அடிச்சாச்சான்னு அவுகளைக் கேட்டுச் சொல்லு" என்றாள்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். மைக்கோடு பேசக் கூடாது, கணவரோடு பேச வேண்டும் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அவள் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள். அடுத்த தடவையும் மைக்கிடமேதான் கேட்டாள். இதற்கு நடுவில்தான் பிச்சைமணி, சத்தமும் சரியாக விழவில்லை என்று சொல்லித் தொலைத்தான். காதில் மாட்டும் கருவி அவனிடம் ஒன்றுதான் இருந்தது. அவன் விழவில்லை என்றால் விழவில்லைதான்.

"கண்ணுக்குத் தெரியிற எடத்துல மைக்கு இருந்தா அந்தக்காவுக்குக் கவனம் போயிருது. ஒளிச்சு வைக்கிற மாதிரி வேற ஒண்ணு இருக்கு, அதைப் போடுவோம்" என்றான் பிச்சைமணி.

அவன் பேரில் பால்பாண்டிக்கு ஏற்கெனவே ஒரு எரிச்சல். மதுரைக்காரன், வந்து இரண்டு நாள் ஆகவில்லை, காலையில் சங்கிலியம்மாள் அவனை உட்காரவைத்து மோர் ஊற்றினாள். உப்பு போதுமா தம்பி என்று வேறு கேட்டாள். கட்டின புருசனுக்கு நாயிடம் சொல்லி அனுப்புகிறவள், வந்தவனிடம் வாய் நிறையப் பேசினாள்.

இரண்டாவது மைக் மாங்காய் அளவு இருந்தது. கழி மைக்கை அவிழ்க்க நேரமில்லை என்று அதை அப்படியே மேலே தொங்கவிட்டுவிட்டு, இதைக் கஞ்சிக் கலயத்துக்குள் வைத்து, கலயத்தைத் தம்பதிக்கு நடுவில் வரப்பில் வைத்தான். காலைக் கஞ்சி இருந்த கலயம். சங்கிலியம்மாள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள். கேமரா சுற்றத் தொடங்கியதும் குனிந்து, கலயத்துக்குள் முகத்தை நீட்டி, "எரு அடிச்சாச்சான்னு கேளு" என்றாள்.

இதுவரை தன்னிடம் மட்டுமே பேசி வந்த எஜமானி ஒரு கலயத்தோடு பேசுவதைச் செவலையால் பொறுக்க முடியவில்லையோ, கஞ்சி வாசம்தான் இழுத்ததோ, கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரே பாய்ச்சலில் வந்து கலயத்துக்குள் தலையை விட்டது. விட்ட தலை வெளியே வரவில்லை. வேட்டைக்குப் பேர்போன கோம்பை நாய் என்றால் சும்மாவா? கலயமும் தலையுமாக நாலுகால் பாய்ச்சலில் வயலுக்குள் இறங்கியது. மைக்கோடு வயர் போனது, வயரோடு பிச்சைமணி போனான், பிச்சைமணியைப் பிடிக்கப் போன டைரக்டர் முழங்கால் சேற்றில் உட்கார்ந்தார். கலயம் ஒரு கல்லில் மோதி உடைந்த பிறகுதான் எல்லோருக்கும் விடுதலை கிடைத்தது. மைக்கை எடுத்துப் பார்த்தால் கஞ்சி, சேறு, நாயின் எச்சில்.

டைரக்டர் எழுந்து வேட்டியைப் பிழிந்தார். பக்கத்து ஊரான தேவாரத்தில் சீனிச்சாமி என்று ஒருவர் இருக்கிறாராம், புருசனும் பெண்டாட்டியும் புறா மாதிரி பேசிக்கொள்வார்களாம், அங்கே போகலாம், சாமானைக் கட்டுங்கள் என்றார்.

பால்பாண்டி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஒரே ஒரு தடவை பாருங்க சாமி. வேணும்னா இன்னொரு ஏக்கரும் தர்றேன், அதுலயும் எடுத்துக்கிடுங்க" என்றான். இவர்கள் போய்விட்டால் மறுபடி நாய்தான். இந்த வருசம் முழுக்க நாய்தான்.

டைரக்டர் பிச்சைமணியைப் பார்த்தார். பிச்சைமணி, வயலோரம் நின்ற சங்கிலியம்மாளைப் பார்த்தான். பிறகு பெட்டியைக் குடைந்து, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றை எடுத்தான்.

"இது சீமையிலிருந்து வந்த மைக்கு. இதை அண்ணன் தலப்பாவுக்குள்ள செருகிருவோம். ஆனா ரெம்பக் கிட்டக்க நின்னு பேசினாத்தான் இதுல விழும்" என்றான்.

பால்பாண்டியின் தலைப்பாகையை அவிழ்த்து, நெற்றிக்கு நேராக மைக்கை வைத்து, மறுபடி கட்டினார்கள். வயர் பிடரி வழியாக முதுகில் இறங்கி, இடுப்பைச் சுற்றி, பின்னால் ஒரு முளைக்குச்சியில் முடிந்தது. தலையைத் திருப்பக் கூடாது, குனியக் கூடாது, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும் என்று பிச்சைமணி உத்தரவு போட்டான். கிடேரியைச் சந்தையில் கட்டிப்போட்ட மாதிரி நின்றான் பால்பாண்டி.

சங்கிலியம்மாள் வந்து நின்றாள். இன்னும் கிட்டே என்றான் பிச்சைமணி. ஒரு அடி வைத்தாள். இன்னும் என்றான். பால்பாண்டிக்கு அவள் தலையில் இருந்த மரிக்கொழுந்து வாசம் அடித்தது. முதலில் அவள் தலைப்பாகையைத்தான் பார்த்தாள். அப்புறம் பார்வை மெல்ல இறங்கி, அவன் கண்ணில் வந்து நின்றது.

"என்னங்க" என்றாள்.

சித்திரைக்குப் பிறகு முதல் 'என்னங்க'. பால்பாண்டிக்கு எரு மறந்துவிட்டது, விளைச்சல் மறந்துவிட்டது, டைரக்டர் சொல்லிக்கொடுத்த வசனம் மொத்தமும் மறந்துவிட்டது. தலையைத் திருப்பவும் வழியில்லை. கண் மட்டும் நிறைந்தது.

"தப்பு ஏம் மேலதான், சங்கிலி. அன்னைக்கு வண்டியில எல்லாத்தையும் இருக்கான்னு பாத்தேன், ஒன்னைய மட்டும் பாக்கல. வீட்டுக்கு வந்து நீ இல்லேன்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு. மாட்டைத் திருப்பிப் பூட்டி விடிய விடிய வீரபாண்டிக்கே வந்தேன். நீ சின்னமனூரு வண்டியில கெளம்பிட்டேன்னு அங்கன சொன்னாக. அதைச் சொல்லக்கூட வெக்கமா இருந்துச்சு."

கேமரா சுற்றிக்கொண்டே இருந்தது.

சங்கிலியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எரு அடிச்சாச்சான்னு கேக்க வந்தேன்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பால்பாண்டியும் சிரித்தான், தலையை ஆட்டாமல்.

அதற்குப் பிறகு படம் எடுப்பது வெல்லம் தின்கிற வேலையாகிவிட்டது. வசனத்தை இரண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். டைரக்டர் சேறு காய்ந்த வேட்டியோடு வந்து கை குலுக்கினார். சங்கிலியம்மாள், "ஏங்க, வர்றப்ப அந்த நாயையும் கூட்டிட்டு வாங்க" என்று அவனிடமே நேராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

பால்பாண்டி ஒரு வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு ஒலிப்பதிவு வண்டிக்கு ஓடினான். பிச்சைமணி வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். அவனிடம் காட்டிய எரிச்சலுக்காகப் பால்பாண்டிக்கு இப்போது வெட்கமாக இருந்தது. தாரை இறக்கி வைத்துவிட்டு, தலைப்பாகைக்குள் இருந்த அந்தச் சீமை மைக் எங்கே கிடைக்கும், என்ன விலையானாலும் வீட்டுக்கு ஒன்று வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்று கேட்டான். மத்த மைக்கெல்லாம் அதுக்கு முன்னால் தூசி என்றும் சொன்னான்.

பிச்சைமணி சுருட்டுவதை நிறுத்தாமலே சொன்னான்:

"அது போன வருசமே செத்துப்போன மைக்குண்ணே, எல்லாம் மொதக் கழி மைக்குலயே நல்லாத்தான் விழுந்துச்சு. தப்பு ஏம் மேலதான்னு அவுக வாயால சொல்ற வரைக்கும் மைக்கை மாத்திக்கிட்டே இரு தம்பின்னு, காலையில மோரு ஊத்தையிலயே அக்கா சொல்லிட்டாக."